சரக்கறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நம் அன்னதானக் கூடத்தின் சரக்கறை வேலை முடிந்துவிட்டது. வெள்ளையடிப்பு, விளக்கு, ஜன்னல் வலை எல்லாம் பேசியபடி முடிந்தன. செலவு திட்டத்தைத் தாண்டியது ரேக் வேலையில்தான். பொதுக்குழுவில் பலரும் அதைத்தான் கேட்டீர்கள், விளக்கமாகவே எழுதுகிறேன்.

அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே துடைப்பம் போக வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தோம். ஒப்பந்ததாரர் தரையோடும் சுவரோடும் ஒட்ட வைத்து ஆணி அடித்துவிட்டார். மூட்டை வைக்க இது போதாதா என்று கேட்டார். போதாது. தரையின் ஈரம் சாக்கில் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், வண்டு பெருகும். ரேக்குக்குப் பின்னால் எலி ஓடினாலும் தெரியாது. பழைய அறையில் அடிமூட்டையைப் புரட்டியபோது சாக்கு கையோடு கிழிந்து வந்தது, உள்ளே தானியம் கட்டிகட்டியாக இருந்தது. அதற்காகத்தானே இந்த வேலையையே எடுத்தோம்? பிரித்து மாட்டச் சொன்னோம். அவர் கூடுதல் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார். பேசிப் பேசி, கேட்டதில் பாதி கொடுத்து முடித்தோம். வழக்கு என்று போயிருந்தால் மூட்டைகள் தாழ்வாரத்திலேயே கிடந்திருக்கும், சமையல் நின்றிருக்கும். சாப்பிட வருபவரைத் திருப்பி அனுப்புவதைவிட அந்தப் பாதிக் கூலி மேல் என்பதில் குழு ஒரே மனதாக இருந்தது.

அப்புறம், முதலில் வந்ததை முதலில் எடுக்கும் பழைய முறையை ஏன் மாற்றினோம் என்ற கேள்வி. காசு கொடுத்து வாங்கும் சரக்குக்கு அது சரி. நமக்கு வருவதில் பெரும்பகுதி நன்கொடை. இன்று வந்த பெட்டி அடுத்த வாரமே காலாவதியாகலாம், போன மாதம் வந்தது இன்னும் ஓராண்டு தாங்கலாம். ஆகவே எதற்குக் காலாவதித் தேதி முந்துகிறதோ அதுவே முன்வரிசையில். தேதியைப் பெட்டியின் முகப்பில் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுகிறோம், சமையல்காரர் தேட வேண்டியதில்லை. உப்பிய டப்பாக்களைத் திருப்பியதில் ஒரு நன்கொடையாளருக்கு மனவருத்தம். உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்தால் டப்பா உப்பும். அதை யாருக்கும் பரிமாற முடியாது, ருசி பார்ப்பதும் ஆபத்து.

கொள்முதலுக்கும் இப்போது கணக்கு உண்டு. நாளுக்கு 20 கிலோ செலவாகும் பொருள் வந்துசேர 4 நாள் ஆகுமென்றால் 80 கிலோ, அவசரத்துக்கு 2 நாள் இருப்பு 40 கிலோ. இருப்பு 120 கிலோவுக்கு இறங்கியதும் ஆர்டர். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறதா என்று காலையும் மாலையும் குறிக்கிறோம்.

ஃப்ரீசர் தந்த குடும்பம், தராசு தந்த இளைஞர்கள், மூடி போட்ட டிரம்கள் தந்தவர்கள், கூலி வாங்காமல் வயரிங் செய்தவர், மூட்டை தூக்கிய மாணவர்கள், பெயர் வேண்டாமென்று உண்டியலில் போட்டவர்கள்... இத்தனை கைகள் சேராமல் இது நடந்திருக்காது. பெயர் சொல்லச் சம்மதித்தோர் அனைவரும் வாசல் பலகையில் இருக்கிறார்கள்.

ரசீதுகளும் ஒப்பந்ததாரருடன் நடந்த கடிதங்களும் அலுவலகக் கோப்பில் உள்ளன. எந்த உறுப்பினரும் பார்க்கலாம். வாரம் ஓர் அடுக்காக இருப்பை எண்ணுகிறோம். பதிவேட்டோடு ஒத்துவராவிட்டால் காரணத்தை அன்றே எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். எண்ணும் வேலைக்கு இன்னும் சிலர் தேவை. வர முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

செயலாளர்,
திருப்பணிக் குழு