ஹிரோஷிமாவுக்கும் புல்லட் ரயிலுக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஜப்பானைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் படித்தோம். இரண்டு குண்டு விழுந்தது, நாடே சாம்பலானது, அப்புறம் ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் இருபதே வருஷத்தில் புல்லட் ரயில் விட்டார்கள், நம் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். 1945க்கும் 1964க்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. 1945க்கு முன்னால் நடந்ததும் இல்லை. பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் என்பதால் எனக்குக் கோபமே வந்தது, ஏனென்றால் வகுப்பில் நான் மாற்றப் பார்ப்பதே இந்தக் கதையைத்தான்.

பரீட்சைக்கு பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா, நாகசாகி தெரிந்தால் போதும், மார்க் வந்துவிடும். ஆனால் ஒரு நாடு போரில் எப்படி வாழ்ந்தது என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமென்றால், அதே வயதுப் பிள்ளை அங்கே அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆரம்பிக்க வேண்டும். 1944 கடைசியில் ஜப்பானில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் காகிதத்தைக் கிழங்குப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பலருக்கு அது எதற்கென்றே சொல்லப்படவில்லை. அந்தக் காகிதம் பெரிய பலூன்களாகி, குண்டைச் சுமந்துகொண்டு, பசிபிக் கடலுக்கு மேலே காற்றோடு அமெரிக்காவுக்குப் போனது. ஒன்பதாயிரத்துக்கும் மேல் பறக்கவிட்டார்கள். பெரும்பாலானவை எங்கே போயினவென்றே தெரியாது, ஆனால் 1945 மே மாதம் ஒரேகான் மாநிலக் காட்டில் விழுந்து கிடந்த ஒன்று வெடித்து, அங்கே பிக்னிக் போயிருந்த ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் செத்துப்போனார்கள். இதைச் சொல்லிவிட்டு நான் வேறெதுவும் விளக்குவதில்லை. ஒட்டினதும் பிள்ளைகள், செத்ததும் பிள்ளைகள் என்பதை வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

ஹிரோஷிமாவையும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன். ஆகஸ்ட் 6 காலை நகரின் நடுவே ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் ஏன் வெட்டவெளியில் நின்றார்கள்? விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அவர்களை அரசாங்கமே அனுப்பியிருந்தது. குண்டைப் போட்டது அமெரிக்கா. அந்தப் பிள்ளைகளைப் புத்தகத்திலிருந்து பிரித்து அங்கே நிறுத்திவைத்தது சொந்த நாடு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் ரேஷன். 1941இல் பெரிய நகரங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 330 கிராம் அரிசி என்று வைத்தார்கள், போர் முடியும்போது அதுவும் குறைந்துவிட்டது. ஐந்து முதல் பத்து வீடுகளைச் சேர்த்து ஓர் அக்கம்பக்கக் குழு, ரேஷன் அதன் வழியாகத்தான் வரும். குழுவின் கூட்டத்துக்குப் போகாமல், போர்ப் பத்திரம் வாங்காமல், போருக்குப் போகிறவர்களின் வழியனுப்பு விழாவில் கொடி ஆட்டாமல் இருந்தால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ‘ஜனங்க ஏன் மிஸ் எதிர்த்துக் கேக்கல?’ என்று கேட்கிற மாணவனுக்கு இந்த ஏற்பாட்டைக் காட்டினால் போதும், ராணுவம் வீடு வீடாக வரத் தேவையே இருக்கவில்லை என்று புரிந்துகொள்கிறான்.

வகுப்பே நிமிர்ந்து உட்காருவது யானைக் கதைக்குத்தான். 1943இல் டோக்கியோ உயேனோ மிருகக்காட்சிசாலையில், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று, ஆபத்தான மிருகங்களைக் கொல்ல உத்தரவு வந்தது. மூன்று யானைகளும் விஷம் வைத்த உருளைக்கிழங்கைத் தொடவில்லை, அதனால் பட்டினி போட்டார்கள். செத்த மிருகங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்த அன்று இரண்டு யானைகள் உள்ளே இன்னும் உயிரோடு இருந்தன! போருக்குப் பிறகு யானை வேண்டுமென்று டோக்கியோ பிள்ளைகள் கடிதம் எழுத, 1949இல் நேரு தன் மகள் பெயரையே வைத்து இந்திரா என்ற யானையை அனுப்பினார். பிள்ளைகளுக்குக் கண் கலங்கும். ஆனால் அங்கேயே நிறுத்தினால் ஆபத்து, ஜப்பான் பாவம் என்ற நினைப்போடு எழுந்து போய்விடுவார்கள். அதனால் அதே பீரியடில் 1937இல் சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை செய்த படுகொலையையும், 1942-43இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு அதே படை போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையையும் எடுத்துவிடுவேன். அந்தப் பாதையில் செத்த போர்க்கைதிகளைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு செத்தது ஆசியத் தொழிலாளர்கள், அதில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம்.

சரி, போருக்குப் பிறகு? 1945இல் பள்ளி மறுபடி திறந்தபோது புதுப் புத்தகம் கிடையாது. ஆசிரியர் பக்கமும் வரியும் சொல்லச் சொல்ல, போரைப் புகழ்ந்த இடங்களையெல்லாம் மாணவர்கள் தூரிகையால் மை பூசி அழித்தார்கள். போன மாதம்வரை அதே வரிகளை மனப்பாடம் செய்யச் சொன்ன அதே ஆசிரியர். எந்தப் பாடத்தையும்விட இந்த ஒரு காட்சிதான் என் மாணவர்களை அதிகம் பேசவைக்கிறது, எனக்குத்தான் கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கும்.

உயேனோ ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் அனாதைப் பிள்ளைகள் படுத்துக்கிடந்த நாட்கள் அவை. ரேஷனை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாது, எல்லோரும் கள்ளச்சந்தையில் வாங்கினார்கள். அந்த வழக்குகளை விசாரித்த யமகுச்சி யோஷிததா என்ற நீதிபதி, நானே அங்கே வாங்கிச் சாப்பிட்டால் எப்படித் தண்டிப்பது என்று மறுத்து, 33 வயதில், 1947இல் பட்டினியால் செத்தார். ஒழுக்கம் பற்றிப் பேசும் கட்டுரையாளர் இவரை என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதே காலத்தில்தான் பெண்கள் முதன்முறையாக ஓட்டுப்போட்டு 1946இல் 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். புதிய அரசியல் சட்டத்தில் பெண் உரிமைப் பிரிவின் வரைவை எழுதிய, அமெரிக்கப் படை அலுவலகத்தில் வேலை பார்த்த பீட்டே சிரோட்டா என்ற பெண்ணுக்கு வயது 22. சரணடைந்த ஜப்பானைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்து, பேச்சுரிமை கொடுத்த அமெரிக்கப் படையே பத்திரிகைகளைத் தணிக்கையும் செய்தது, அணுகுண்டின் பாதிப்பு பற்றிய செய்திகள் உட்பட. இந்த முரண்பாடெல்லாம் பத்தாம் வகுப்புக்கு அதிகம் என்பார்கள். இல்லை, அவர்கள் வீட்டிலேயே இதைவிடப் பெரிய முரண்பாடுகளோடு வாழ்கிறார்கள்.

உழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1950இல் டொயோட்டா கம்பெனி கடனில் மூழ்கி, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், தலைவர் ராஜினாமா என்று கிடந்தபோது அதைத் தூக்கிவிட்டது பக்கத்துக் கொரியாவில் வெடித்த போர், அதற்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர். பக்கத்து நாட்டுச் சாவில் தொடங்கிய வளர்ச்சி என்பதைச் சொல்லாமல் ‘எழுந்து நின்ற நாடு’ என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை.

இதற்கெல்லாம் பீரியட் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான், திருப்புதல் தேர்வு, சிறப்பு வகுப்பு என்று வருஷம் ஓடிவிடுகிறது. ஆனால் இரண்டு பீரியட் கிடைத்தாலே யானையும் மை பூசிய புத்தகமும் நடத்திவிடலாம், ஓரளவு வேலை முடிந்துவிடும். உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வருகிற பொது அறிவு வினா-விடைக்குப் பதிலாக ஒரு தடவை அந்தப் புத்தகப் பக்கம் ஒன்றின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். வெட்டி வகுப்பில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்