பின்னிருக்கையில் ஆளேற்றிப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் குடும்பத்துக்கேற்ற 'ஸ்போர்ட்டி' ஹேட்ச்பேக் கார்களை எடைபோட்டிருந்தீர்கள். குதிரைத்திறன் வந்தது, பம்பர் வளைவு வந்தது, இருக்கையின் சிவப்புத் தையல்கூட வந்தது. பின்னிருக்கையில் மட்டும் ஆளே இல்லை. ஓட்டுபவரும் விற்பனையாளரும் மட்டும் ஏறி, சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு 'விறுவிறுப்பு' என்று எழுதினால் அது பாதிக் கணக்குதான்.

மீதிக் கணக்கு இது. பெரோடுவா மைவி 1.5 தருவது 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் பலம்). ஹோண்டா சிட்டி ஹேட்ச்பேக் 1.5 பெட்ரோலில் 121, 145. இந்தக் கார்களின் எடையே ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஐந்து பேரும் அவர்கள் சாமானும் ஏறினால் இன்னும் 350 கிலோ, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முறுக்குவிசை முழுதாகக் கிடைப்பதோ எஞ்சின் நிமிடத்துக்கு 4,200, 4,300 சுற்றைத் தொட்ட பிறகு. ஆகவே பினாங்குத் தீவின் மலைச்சாலையான துன் சார்டோன் சாலையில் பாலேக் பூலாவை நோக்கி ஏறும்போது, ஏர்கோனும் ஓடிக்கொண்டிருக்க, சிவிடி கியர் (படிப்படியாக இல்லாமல் பெல்ட் மூலம் தொடர்ந்து மாறும் ஆட்டோ கியர்) எஞ்சினை 5,000 சுற்றுக்குத் தூக்கி அங்கேயே பிடித்து வைக்கும். சத்தம் முன்னால் போகும், கார் பின்னால் வரும். இது பழுதல்ல, சிவிடியின் சுபாவமே அப்படி. ஆனால் வாங்குவதற்கு முன்பே காதில் விழவேண்டிய சத்தம். சிட்டி ஹேட்ச்பேக்கின் ஹைபிரிட் வகையில் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது) 253 நியூட்டன் மீட்டர் நின்ற இடத்திலிருந்தே கிடைப்பதால் ஏற்றம் சுலபம். பேட்டரி இறங்கிவிட்டால் அதிலும் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க உரக்க ஓடத்தான் செய்யும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முக்கியம் என்பேன். நம்மில் பலர் கியரை D-யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே வளைவு வளைவாக இறங்குகிறோம். நிறைந்த கார் அப்படி இறங்கினால் அடிவாரத்தில் கருகல் வாடை அடிக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாமல் விட்டால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் மிதி பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது இறக்கத்தில் S, L, B (எழுத்து காருக்குக் கார் மாறும்) எதுவோ அதற்கு மாற்றி, எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கிறதா, அல்லது கார் ஓடிக்கொண்டே போகிறதா? என் கணக்கில் 'ஸ்போர்ட்' மதிப்பெண்ணில் பாதியை இங்கேதான் போடவேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒன்று. உலர் வகை இரட்டை கிளட்ச் கியர் (எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் மாறி மாறி இயங்கும் ஆட்டோ கியர்) உள்ள கார் காலியான சாலையில் பறக்கும். மாலை ஆறு மணிக்குப் பினாங்குப் பாலத்துக்கு ஏறும் ஜாமில் அரை மணி நேரம் ஊர்ந்தால்தான் குலுக்கல் தெரியும். அந்த நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். சிவிடி என்றால் கியர் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். தயாரிப்பாளர் சொன்ன சிவிடி எண்ணெய்க்குப் பதில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றியிருந்தால் உள்ளே பெல்ட் வழுக்கித் தேயும்.

டயர் விஷயம் சுருக்கமாக. 185/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் 102 மில்லிமீட்டர். அழகுக்காக 205/45 ஆர்17 மாட்டினால் அது 92 ஆகிறது. குழியில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்தப் பத்து மில்லிமீட்டர்தான். சில ஹைபிரிட் கார்களில் ஸ்பேர் டயருக்குப் பதிலாக அடைப்பு மருந்தும் குட்டிப் பம்பும்தான் தருகிறார்கள். ஆணி குத்திய துளைக்கு அது போதும், கிழிந்த பக்கச்சுவருக்கு உதவாது. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் முழுப்பாரத்துக்குத் தனிக் காற்றழுத்தம் போட்டிருந்தால், பண்டிகைப் பயணத்துக்கு முன் அந்த அளவுக்கு நிரப்புங்கள்.

இனிப் பின்னிருக்கை. 2020 ஜனவரி 1 முதல் சிறுவர் இருக்கை நம் மலேசியாவில் கட்டாயம். இரண்டு ஓரத்திலும் இரண்டு இருக்கையைப் பூட்டிய பிறகு நடுவில் பாட்டி உட்கார முடியுமா? இந்த அளவுக் கார்களில் பெரும்பாலும் முடியாது. சொந்த இருக்கைகளைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். மைவியில் பின்னால் தனி ஏர்கோன் துளை இல்லை என்பதையும் மதிய வெயிலில் நிறுத்திய காரில் ஏறித் தெரிந்துகொள்ளுங்கள்.

சிட்டி ஹேட்ச்பேக்கின் பூட் 289 லிட்டர்தான், பெரிதல்ல. ஆனால் ஹோண்டாவின் ஜாஸ் காரிலிருந்து வந்த வித்தை ஒன்று அதில் உண்டு: பின்னிருக்கையின் அடிமெத்தையை மேலே மடித்து நிறுத்தலாம். தரையிலிருந்து கூரைவரை இடம் கிடைக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தவிக்காமல் தரையில் நிமிர்த்தி வைக்கலாம். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சாலை வரியையாவது சொல்லியிருக்கலாம். தீபகற்பத்தில் 1.5 லிட்டருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட், 2.0 லிட்டருக்கு 380 ரிங்கிட் அளவில் வரும். டர்போ எஞ்சினானாலும் வரி கொள்ளளவுக்குத்தான்.

அடுத்த மதிப்பீட்டுக்குப் போகும்போது நிருபரோடு நான்கு பேரை ஏற்றி, பூட்டில் இரண்டு பத்துக் கிலோ அரிசி மூட்டையையும் போட்டு அனுப்புங்கள். மூட்டையைத் தூக்கிப் போடும்போது பூட் விளிம்பு இடுப்புக்கு வருகிறதா, முழங்காலுக்கு வருகிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு