பெட்ஸ், டெவர்ஸ், இப்போது பிரெக்மன்: ரெட் சாக்ஸ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரு. ஜான் ஹென்றி, திரு. டாம் வெர்னர், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியை நடத்தும் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் மற்ற பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த ஜனவரியில் நம் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் அலெக்ஸ் பிரெக்மன் ஐந்து வருடம், 175 மில்லியன் டாலர் என்று சிகாகோ கப்ஸ் அணிக்குப் போய்விட்ட செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவர் போனது மட்டும்தான் விஷயம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். எந்த அணியோடும் ஒப்பந்தக் கட்டு இல்லாத ஃப்ரீ ஏஜென்ட் ஆனவர் தனக்கு நல்லது என்று படுகிற இடத்துக்குப் போவார். அதில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அவருக்கு இடம் கொடுக்கத்தானே நாம் வளர்த்த பேட்டர் ரஃபேல் டெவர்ஸை அவர் ஃபீல்டிங் செய்துவந்த மூன்றாம் பேஸிலிருந்து எழுப்பினீர்கள்? அந்தக் கசப்பு முற்றித்தானே டெவர்ஸ் ஊரை விட்டே அனுப்பப்பட்டார்? வந்தவர் ஒரு சீசன்கூடத் தாண்டவில்லை. இருந்தவரும் இல்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் நம் மைதானம் ஃபென்வேயின் கதவு திறப்பதற்கு முன், உரிமையாளர்களாகிய நீங்கள் ரசிகர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். நம் கிளப் வளர்த்த பையன்கள் ஏன் ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள் என்பதற்கு உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவனும் நான்தான். 2002-ல் சுமார் 700 மில்லியன் டாலருக்கு இந்த அணியை வாங்கினீர்கள். 86 வருடம் வராத உலகத் தொடர் கோப்பை 2004-ல் வந்தது. அப்புறம் 2007, 2013, 2018. ஃபென்வே பார்க்கை இடிக்காமல் காப்பாற்றியதும் நீங்கள்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்துவிட்டு, இந்த மாநிலத்துக்கு வந்த பிறகு பேஸ்பால் கற்றுக்கொண்ட என்னைப் போன்றவனையும் அந்த அணி இழுத்து உள்ளே உட்கார வைத்தது. அதனால்தான் கேட்கிறேன். அக்கறை இல்லாதவன் கேள்வி கேட்க மாட்டான், டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவான்.

மூக்கி பெட்ஸ் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2011 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் எடுத்தீர்கள். இரண்டாம் பேஸில் பெட்ரோயா இருந்ததால் அவுட்ஃபீல்டுக்குப் பழக்கினீர்கள். 2018-ல் .346 பேட்டிங் சராசரி, அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் (எம்.வி.பி.) விருது, கையில் கோப்பை. அப்படிப்பட்டவரை 2020 பிப்ரவரியில் பிட்சர் டேவிட் பிரைஸோடு சேர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தீர்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். அதே வருடம் ஜூலையில் டாட்ஜர்ஸ் அவரை 12 வருடத்துக்கு 365 மில்லியன் டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது. 2020, 2024, 2025 என்று அவர் இருக்கும் அணி மூன்று கோப்பை வாங்கிவிட்டது.

இதில் 2024 அக்டோபர் 30-ஆம் தேதி இரவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். டாட்ஜர்ஸும் நம் பழைய எதிரி நியூயார்க் யாங்கீஸும் மோதிய உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். யாங்கீஸ் 5-0 என்று முன்னால். பாஸ்டன் ரசிகனுக்கு யாங்கீஸ் தோற்பதைவிட இனிப்பான காட்சி வேறு கிடையாது. ஐந்தாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்திருக்கும்போது பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் ஒரு பந்தை மெதுவாக உருட்டினார். பிட்சர் ஜெரிட் கோல் முதல் பேஸுக்கு ஓடாமல் நின்றுவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது, அந்த இன்னிங்ஸிலேயே 5-5. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் தூக்கி அடித்த பந்து பிடிபட்டாலும், மூன்றாம் பேஸிலிருந்தவர் ஓடி வந்துவிட்டார். டாட்ஜர்ஸ் 7-6 என்று முன்னால். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் கடைசி பேட்டராக இறங்கியது யார் தெரியுமா? வெர்டூகோ. பெட்ஸுக்குப் பதிலாக நமக்கு வந்து, பிறகு 2023 டிசம்பரில் நீங்களே யாங்கீஸுக்கு அனுப்பி வைத்த அதே வெர்டூகோ. மூன்றாவது ஸ்ட்ரைக்கிலும் அவர் மட்டையை வீசித் தவறவிட்டதும் ஆட்டம் முடிந்தது.

யாங்கீஸ் தோற்றது. அதைத் தோற்கடித்தவர் நம் பையன். என்னால் எழுந்து ஒரு கைகூடத் தட்ட முடியவில்லை. அந்த ட்ரேடின் இரண்டு பக்கமும் ஒரே மைதானத்தில் நின்றது, இரண்டிலும் நம் சட்டை இல்லை. அந்த ட்ரேடில் வந்த மூவரில் நம்மிடம் மிச்சமிருப்பது வாங் ஒருவர்தான்.

சம்பளச் செலவு கூடினால் கட்ட வேண்டிய வரியின் வரம்பு, அடுத்த வருடம் அவர் எப்படியும் போயிருப்பார், இளம் ஆட்டக்காரர்கள் தேவை என்றெல்லாம் அன்று காரணம் சொன்னார்கள். சொன்னவர் உங்கள் அலுவலகத்தில் ஆட்டக்காரர்களை எடுக்கும் பொறுப்பில் அப்போது இருந்தவர். டாம்ப்ராவ்ஸ்கியை 2019-ல் அனுப்பினீர்கள், பிளூமை 2023-ல் அனுப்பினீர்கள், இப்போது பிரெஸ்லோ. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, நடப்பது மட்டும் மாறவில்லை. நாம் வளர்த்த போகார்ட்ஸ் 2022 டிசம்பரில் பாட்ரேஸ் அணிக்குப் போனார். பிட்சர் கிறிஸ் சேல் என்பவரை 2023 கடைசியில் அட்லான்டாவுக்குக் கொடுத்தீர்கள், அடுத்த வருடமே அவர் 18 வெற்றியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். இத்தனையிலும் மாறாமல் இருந்தது உரிமையாளர் நாற்காலி ஒன்றுதான். அதனால்தான் பதிலையும் அந்த நாற்காலியிடம் கேட்கிறோம்.

டெவர்ஸுக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில், இருபது வயதில், யாங்கீ ஸ்டேடியத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், அரோல்டிஸ் சாப்மன் வீசிய 102.8 மைல் வேகப் பந்தை இடது பக்கம் தூக்கி ஹோம் ரன் அடித்த பையன் அவர். கோல் அவரிடம் எத்தனை ஹோம் ரன் வாங்கினார் என்றால், 2024 செப்டம்பரில் பேஸில் ஒருவரும் இல்லாதபோதே நான்கு விரலைக் காட்டி, பந்தே வீசாமல் அவரை முதல் பேஸுக்கு நடக்க விட்டுவிட்டார். யாங்கீஸின் முதல் பிட்சரை அந்த அளவு பயமுறுத்திய பேட்டர் நம்மிடம் வேறு யாரும் இல்லை. 2023-ல் பத்து வருடம், 313.5 மில்லியன் டாலர் என்று நீங்கள் ஒப்பந்தம் போட்டபோது, சரி, பெட்ஸ் விஷயத்தில் பாடம் படித்துவிட்டார்கள் என்று நம்பினோம்.

2025 ஜூன் 15. யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் சாய்த்தோம். கடைசி ஆட்டம் 2-0, அதில் ஒன்று டெவர்ஸின் ஹோம் ரன். அணி சியாட்டிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு ட்ரேட் செய்த செய்தி வந்தது.

முதல் பேஸுக்கு மாற மறுத்தது அவர் பக்கம் தவறு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் மே மாதம் அந்தப் பிரச்சினையைப் பேசுவதற்காக நீங்களே கான்சஸ் சிட்டிக்குப் பறந்து போனீர்கள், திரு. ஹென்றி. அதை நான் மதிக்கிறேன். ஒரு ஆட்டக்காரரிடம் பேச அவ்வளவு தூரம் போக முடிந்த உங்களுக்கு, எங்களிடம் பேச ஃபென்வேக்கு வருவது கஷ்டமா?

நான் இருப்பது வூஸ்டரில். இங்கே போலார் பார்க்கில்தான் நாளைய ரெட் சாக்ஸ் பையன்கள் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் வேலியோரம் பந்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள். நம் வீட்டு மைதானச் சட்டையில் பெயர் கிடையாது, முதுகில் எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடுவார்கள் பிள்ளைகள். என் மகள் பெட்ஸின் 50 போட்ட சட்டையை வெளியே போடுவதை நிறுத்தி, டெவர்ஸின் 11 வாங்கினாள். அதுவும் இப்போது அலமாரியில் மடித்துக் கிடக்கிறது. போன வாரம் கடையில் புதிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, இவர் இருப்பாரா?” என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துப்போவதற்கு முன்னால் அவருடைய ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று விசாரிக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

எண் என்றதும் 21 ஞாபகம் வருகிறது. அந்த எண்ணைப் போட்ட பிட்சர் ரோஜர் கிளெமென்ஸ் 1986-ல் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தது இந்த மண்ணில்தான். இந்தச் சட்டையில் 192 வெற்றி. 1996-ல் அவர் போன பிறகு அந்த எண்ணை யாருக்கும் தரவில்லை, வலது பக்க மாடத்தில் ஓய்வு கொடுத்த எண்களோடு சேர்க்கவும் இல்லை. 2007-ல் ஊக்கமருந்து பற்றிய மிட்செல் அறிக்கையில் அவர் பெயர் வந்தது. அவர் மறுத்தார். பொய் சொன்னார் என்ற வழக்கில் 2012-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குப் பிறகும் அந்த எண்ணுக்கு ஒரு முடிவு இல்லை. ஊக்கமருந்து விஷயத்தில் பேஸ்பாலை நடத்துபவர்கள் எல்லோருமே இப்படித்தான். மேனி ராமிரஸ் 2009-ல் 50 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார், அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2014 சீசன் முழுவதையும் இழந்தார். சரியான தண்டனைதான், நான் ஆதரிக்கிறேன். ஊக்கமருந்து சந்தேகத்தில் சிக்கிய பாண்ட்ஸும் கிளெமென்ஸும் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாசலிலேயே நிற்கிறார்கள், கடந்த டிசம்பரில் குழு ஓட்டெடுப்பிலும் ஐந்து ஓட்டுகூட வரவில்லை. ஆனால் அந்த வருடங்களில் லீக்கை நடத்திய பட் செலிக் உள்ளே போய்விட்டார். ஹோம் ரன் மழையில் டிக்கெட் விற்று லாபம் பார்த்த உரிமையாளர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆடுபவன் பதில் சொல்ல வேண்டும், நடத்துபவர் சொல்ல வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான்: முன்னால் வந்து பதில் சொல்லுங்கள்.

2023 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ரசிகர் விழாவில் உங்களைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டது எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வலித்திருக்கும். போகார்ட்ஸ் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்தக் கூட்டத்துக்கும் வலித்தது. கடந்த அக்டோபரில் யாங்கீஸிடம் மூன்றாவது ஆட்டத்தில் 4-0 என்று தோற்று வெளியேறியபோதும் வலித்தது. அன்று ஒரு ரன் எடுக்க ஆள் இல்லாமல் தவித்தோம். டெவர்ஸ் இருந்திருந்தால் என்று நினைக்காத ரசிகன் இந்த மாநிலத்தில் இருக்க மாட்டான்.

இளம் பேட்டர் ரோமன் ஆன்டனியை எட்டு வருடத்துக்கும், பிட்சர் குரோஷேவை ஆறு வருடத்துக்கும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் டெவர்ஸிடமும் பத்து வருடக் கையெழுத்து இருந்ததே. அதனால் காகிதம் போதாது, உங்கள் வார்த்தை வேண்டும். இந்தப் பையன்கள் சிறந்த வயதை எட்டும்போது அவர்களை வைத்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

மார்ச் மாதத்தில் ஏதாவது ஒரு சனிக்கிழமை போதும். ஃபென்வேயில் இடம் ஒழியவில்லை என்றால் வூஸ்டருக்கு வாருங்கள். எழுதிக் கொடுத்த கேள்விகள் வேண்டாம், மைக்கை ரசிகர்கள் கையில் கொடுங்கள். முதல் வரிசையில் மகளோடு வந்து உட்காருகிறேன். மரியாதையோடுதான் கேட்பேன். தேதியை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வூஸ்டரிலிருந்து ஒரு ரெட் சாக்ஸ் ரசிகன்