நீக்கப்போய் நின்றுவிட்ட பெயர்கள்

கிளிநொச்சி
தை மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது அறிந்து நிம்மதி. இங்கே காலபோக அறுவடை தொடங்கிவிட்டது. பரந்தன் பக்கம் அறுவடை மெசினுக்கு எல்லாரும் ஓடித்திரிகிறார்கள். நெல்லு வீடு வந்து சேரும்வரை மழை வராமல் இருக்கவேண்டும்.

சரி, நீ கேட்ட விசயம். விவசாயிகளின் கமக்கார அமைப்பின் சந்தா நிலுவைப் பட்டியலைப் பைதன் என்ற நிரல் மொழியில் போட்டு, ஒவ்வொருவராகப் பார்த்துப்போகிற லூப் ஒன்றை ஓடவிட்டு, கட்டியவர்களை ரிமூவ் (remove) என்ற கட்டளையால் நீக்கியிருக்கிறாய். பிறகு பார்த்தால் கட்டிய சிலரும் பட்டியலில் நிற்கிறார்கள். யார் நிற்கிறார்கள் என்று கவனித்துப் பார். கட்டிய இருவர் அடுத்தடுத்து இருந்த இடங்களில் இரண்டாமவர்தான் நிற்பார்.

சங்கக்கடை வரிசையை நினைத்துக்கொள். நடுவில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் ஒவ்வோர் அடி முன்னுக்கு வருவார்கள். லூப்போ இடத்தின் எண்ணை மட்டுமே பார்த்து நடக்கிறது. 4, 7, 7, 9 என்ற பட்டியலில் 7ஐ எல்லாம் நீக்கச் சொல். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் முதல் 7 இருப்பது 1ஆம் இடம். அதை எடுத்ததும் அடுத்த 7 அந்த இடத்துக்கு வந்துவிடும். லூப் 2ஆம் இடத்துக்குப் போய் 9ஐப் பார்க்கும். இரண்டாவது 7 கண்ணில் படாமலே தப்பிவிடும். பைதன் பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நடந்துகொண்டிருக்கும் பட்டியலிலேயே கை வைக்காதீர்கள்.

கடைசி இடத்திலிருந்து முதல் இடத்தை நோக்கி எண்ணி, இட எண்ணைக் கொடுத்து டெல் (del) என்ற கட்டளையால் நீக்கினாலும் சரிவரும். நகர்கிறவை ஏற்கெனவே பார்த்து முடித்தவைதான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. யாரை நீக்குவது என்று யோசிக்காமல் யாரை வைத்திருப்பது என்று யோசி. இன்னும் கட்டாதவர்களை மட்டும் சேர்த்துப் புதுப் பட்டியல் ஒன்று செய். லிஸ்ட் காம்பிரிஹென்சன் (list comprehension) என்ற சுருக்க முறையில் எழுதினால் ஒரே வரி. பழையது அப்படியே இருக்கும், அதில் ஒரு எழுத்தும் மாறாது.

பழையது இருப்பது முக்கியம் மச்சான். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று நாம் இருவரும் பார்த்தவர்கள். ஒரு பெயரை அழிக்கிற கட்டளையை எழுதும்போது, அது பத்து எழுத்தாக இருந்தாலும், எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும், நல்லதுதான்.

இதில் இன்னொரு பொறி. பட்டியலை இன்னொரு பெயருக்குச் சமன் குறி போட்டுக் கொடுத்தால் நகல் எடுத்தாயிற்று என்று நினைக்காதே. இரண்டு பெயரும் ஒரே பட்டியலைத்தான் காட்டும். ஒன்றில் ரிமூவ் பண்ணினால் மற்றதிலும் போய்விடும். கொப்பி என்று தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும்.

அப்புறம், ரிமூவ் முதலில் பொருந்துகிற ஒன்றை மட்டுமே எடுக்கும். உங்கள் அமைப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். பின்னால் இருப்பவர் காசு கட்டினால் முன்னால் இருப்பவர் போய்விடுவார். பெயரை விட்டுவிட்டு அங்கத்துவ இலக்கத்தை வைத்து வேலை செய். தேடியது இல்லாவிட்டால் ரிமூவ் வேல்யூ எரர் (ValueError) என்ற பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். அதைப் பார்த்து எரிச்சல்படாதே, மூடி மறைக்கவும் பார்க்காதே. இலக்கம் எங்கோ பிழையாக அடிபட்டிருக்கிறது என்று அது உனக்குச் சொல்கிறது.

எடுத்த ஆளின் விபரம் கையில் வேண்டுமானால் பாப் (pop) என்ற கட்டளையைப் போடு. அது நீக்கியதைத் திருப்பித் தரும், அதைக் கட்டியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். முன்பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் மீதி எல்லாம் நகரும். பெரிய பட்டியல்களுக்கு அது மெதுவாகிவிடும், அதற்கு டெக் (deque) என்று இரு முனையிலும் சுலபமாக எடுக்கக்கூடிய பட்டியல் வகை ஒன்று இருக்கிறது. உன்னுடையதற்கு அது தேவையில்லை.

திருத்திய நிரலை மட்டும் அனுப்பு, பட்டியலை அனுப்பாதே, அதில் ஆட்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவாய்தானே? லப்டொப்பையும் கொண்டுவா, இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்