பெங்களூர்க் கல்லில் வியட்நாம் போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் போர் முடிந்து 50 ஆண்டு ஆனதைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கர்கள் அந்தப் போரை வசதியாக மறந்துவிட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள் சார், யாரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

நான் ஓசூர்ப் பக்கம் முப்பது வருஷம் கிரானைட் தொழிலில் இருந்தவன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டனில், போரில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காகக் கட்டிய வியட்நாம் நினைவுச் சுவரைப் பார்க்கப் போனோம். மற்றவர்கள் பெயர்களைப் படித்தார்கள், என் கை தானாகப் போய்க் கல்லைத் தடவியது. புள்ளி இல்லை, வரி இல்லை, கண்ணாடி மாதிரி பாலிஷ். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போன கறுப்புக் கல் அது. கனடாவிலும் ஸ்வீடனிலும் கிடைக்கிற கல்லை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்றால், கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து ஓடிய பையன்களுக்கு அந்த இரண்டு நாடுகளும் இடம் கொடுத்தனவாம், அதனால் அந்தக் கல்லே வேண்டாம் என்றார்களாம். ஓடிய பையன்களுக்கு 1977-லேயே, பதவியேற்ற மறுநாளே, அதிபர் கார்ட்டர் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டார். கல்லுக்குக் கிடைக்கவில்லை!

கல்லோடு பஞ்சாயத்து முடியவில்லை. 1981-ல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன, யாருடையது எது என்று தெரியாமல்தான் நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், ஜெயித்தது மாயா லின் என்ற 21 வயது யேல் பல்கலைக்கழக மாணவி. சீன வம்சாவளிப் பெண் என்று தெரிந்ததும் அதற்கும் முணுமுணுப்பு. கறுப்பாக இருக்கிறது, தரைக்குக் கீழே இறங்குகிறது, கொடி இல்லை, வீரன் சிலை இல்லை, இது அவமானச் சின்னம் என்று போரில் சண்டையிட்டவர்களிலேயே சிலர் கொதித்தார்கள். கடைசியில் ஒரு கொடிக்கம்பம், மூன்று சிப்பாய்கள் நிற்கும் வெண்கலச் சிலை என்று சமாதானம் பேசி, 1982 நவம்பரில் சுவரைத் திறந்தார்கள். சிலை வந்து சேர 1984 ஆயிற்று.

சுவரில் 58,000-க்கு மேல் பெயர்கள். பதவி கிடையாது, அகரவரிசை கிடையாது, செத்த தேதி வரிசைதான். 1959-ல் நடுமூலையில் தொடங்கி வலது ஓரம் வரை போய், மறுபடி இடது ஓரத்திலிருந்து வந்து 1975-ல் அதே மூலையில் முடிகிறது. இறந்தது உறுதியானால் பெயருக்குப் பக்கத்தில் வைர வடிவம், காணாமல் போனவர் என்றால் சிலுவை மாதிரி ஒரு குறி. போர் சரியா தப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தால் சுவரே எழும்பியிருக்காது என்று நினைக்கிறேன். தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஒரு பெயர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார், பாலிஷில் அவர் முகமும் தெரிந்தது, பின்னால் நின்ற என் முகமும் தெரிந்தது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனத்தால் ஊர் திரும்பிய பிறகு நோய் வந்து செத்த சிப்பாய்களின் பெயர் சுவரில் ஏறாது, அவர்களுக்காகச் சுவருக்குப் பக்கத்தில் 2004-ல் ஒரு சின்னப் பலகை வைத்ததோடு சரி. சொந்தப் பிள்ளைகளுக்கே இப்படி. அமெரிக்காவோடு தோளோடு தோள் நின்று செத்த தெற்கு வியட்நாம் சிப்பாய்களும் அங்கே இல்லை. வியட்நாம் பொதுமக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: 1968-ல் அங்கே மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றது லெப்டினன்ட் கேலி ஒருவர்தான், ஆயுள் தண்டனை என்றார்கள், சில வருஷம் வீட்டுக்காவலோடு முடிந்தது.

போரில் செத்த வியட்நாமியர்களைப் பற்றி வியட்நாம் அரசு 1995-ல் சொன்ன கணக்கு: பொதுமக்கள் சுமார் 20 லட்சம், போராளிகள் சுமார் 11 லட்சம். தொழில் புத்தி விடவில்லை, ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன். இப்போதுள்ள சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 150 மீட்டர், அதே அளவு எழுத்தில் அந்த 31 லட்சம் பேரையும் வெட்டினால் சுவர் 8 கிலோமீட்டர் போகும்.

உங்கள் கட்டுரையிலும், ஆசிரியர் அவர்களே, அமெரிக்கர்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.

இப்படிக்கு,
பழைய கிரானைட் வியாபாரி, ஓசூர்