டால்பினைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே

அன்புத் தங்கைக்கு,

விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் படகில் ஏற்றிக் கடல் உயிர்களைக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். கூடவே ஒரு பழைய வருத்தமும் எழுந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகளை முதன்முறை அழைத்துச் சென்றபோது, வாரம் முழுக்க "டால்பினைக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் சொல்லி ஆசையை வளர்த்துவிட்டேன். டால்பின்களும் வந்தன. கண்ட உடனே படகோட்டி வேகத்தைக் கூட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு படகுகள் பாய்ந்து வந்தன. தாயின் விலாவை ஒட்டி ஒரு குட்டி மூச்செடுக்க மேலே வந்தது. அடுத்த கணம் எல்லாமே மூழ்கின, பிறகு எழவே இல்லை. "நம்மைக் கண்டு பயந்தா போய்விட்டன?" என்று மகள் கேட்டாள். ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பணம் கொடுத்து அந்தப் படகில் ஏறியவன் நான். விரட்டியதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேள்: "விலங்கைக் கண்டால் படகை என்ன செய்வீர்கள்?" கிட்டே கொண்டுபோய்க் காட்டுவோம் என்றால் வேறு படகைப் பார். வேகத்தைக் குறைத்து, வழியை மறிக்காமல், பக்கவாட்டில் தள்ளியே போவோம் என்றால் நம்பி ஏறு. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டு நெறிகள் திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர் இடைவெளி விடச் சொல்கின்றன. குட்டி உடன் இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். தாமாக வந்து படகின் முன்னலையில் ஏறி விளையாடும் டால்பின்களும் உண்டு. அப்போது நல்ல படகோட்டி திசையையும் வேகத்தையும் மாற்றாமல் அப்படியே போவார்.

இடைவெளி மட்டும் போதாது, இரைச்சலும் அடங்க வேண்டும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். டால்பின்கள் இரையைத் தேடுவதும் ஒன்றையொன்று அழைப்பதும் ஒலியால்தான். பல டால்பின் இனங்களில் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு. அந்தப் பேச்சின் நடுவே நம் எஞ்சின் போய் முழங்குகிறது.

இரண்டாம் முறை வேறொருவரின் படகு. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இனிக் காத்திருப்போம்" என்றார். இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. மகள் பொறுமை இழக்கத் தொடங்கினாள். அப்போது எங்கள் பின்னால் "ப்ஃபூ" என்று ஒரு மூச்சு. திரும்புவதற்குள் இன்னொன்று. முதுகைக் கண்டதைவிட அந்த மூச்சைக் கேட்டதுதான் அவள் மனத்தில் நின்றது. கடலுக்குள் வாழ்ந்தாலும் நம்மைப் போலக் காற்றுக்கு ஏங்கும் உயிர் என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளிடம் டால்பினைப் பற்றி வாயே திறக்காதே. கடலுக்குப் போகிறோம், என்ன வருகிறதோ பார்ப்போம் என்று மட்டும் சொல். பறவைகளைப் பார்க்கக் கற்றுக்கொடு. ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தால் கீழே மீன்கூட்டம் இருக்கிறது. மீன் இருக்கும் இடத்துக்குப் பெரியவையும் வரலாம். பாறையில் நீர்க்காகம் சிறகை விரித்து நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதன் இறகில் நீர் ஊறுவதால் ஆழம் போக எளிது, அந்த ஈரத்தைத்தான் இப்போது உலர்த்துகிறது என்று சொல். கடற்காகம் உப்புநீரைக் குடிக்கிறதே என்று சின்னவள் கேட்டால், கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியே சொட்டவிடுகிறது என்று காட்டு. அலகு நுனியில் அந்தத் துளி சில சமயம் தெரியும்.

படகின் முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளச் சொல். "பத்து மணித் திசையில் ஏதோ அசைகிறது!" என்று அவர்கள் கூவும்போது படகு முழுவதும் அந்தப் பக்கம் பார்க்கும். அதைவிடப் பெருமை பிள்ளைகளுக்கு வேறில்லை. பைனாகுலர் வாங்கினால் ஏழு, எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஆடும் படகில் எதுவும் நிலைத்துத் தெரியாது.

காலைப் பயணத்தையே எடு. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று வலுக்கும், அலையும் கூடும். படகின் நடுவில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரைதான் குமட்டல் அதிகம் வரும். கைப்பேசியைக் கொடுக்காமல் அடிவானத்தைப் பார்க்க வை. மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேள், குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பயனில்லை. லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாட்டியதும் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார். காதுவரை ஏறி வந்தால் அது அளவில்லை, மாற்றித் தரச் சொல். இதில் கூச்சமே படாதே.

திரும்பியதும் பிள்ளைகளையே எனக்கு எழுதச் சொல். சின்னவளுக்கு இன்னும் எழுத வராதே. எந்தப் பறவை எத்தனை மணித் திசையில் பாய்ந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, நீ எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்