இசைத்தட்டும் ஸ்கோர்போர்டும்: 2025-ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வேலூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் மாதாமாதம் சத்துவாச்சாரி மொட்டைமாடிக்கு ஏறி வரும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜாஸ் இசையும் வேண்டும், பந்தாட்டமும் வேண்டும், இரண்டில் எதையும் விட மாட்டோம் என்று அடம்பிடிக்கிறவர்களின் சங்கம் இது. அதன் 2025-ஆம் ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் 'ஊசி' என்று ஒரு செலவு வரும். ஆஸ்பத்திரி ஊர் என்பதால் யாரும் பதற வேண்டாம், டர்ன்டேபிளுக்கு வாங்கிய ஊசி அது.

முதலில் இரங்கல். மார்ச் 21 அன்று குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மனும், ஜூலை 22 அன்று சக் மாஞ்சோனியும் மறைந்தார்கள். ஃபோர்மன் என்றால் 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்றவர் என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தச் சண்டையோடு சேர்த்துப் பெரிய இசை விழாவும் ஏற்பாடாகியிருந்தது. பயிற்சியில் ஃபோர்மனின் கண்ணுக்கு மேல் கிழிந்துவிட்டதால் சண்டை அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. இசை விழா மட்டும் குறித்த தேதியில், செப்டம்பரிலேயே நடந்து முடிந்தது. பிறகு 1994-இல், 45 வயதில், அதே ஃபோர்மன் மீண்டும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். மாஞ்சோனி, டிரம்பெட் மாதிரியான ஃப்ளூகல்ஹார்ன் என்ற ஊதுகருவியை வாசித்தவர். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்த ஜாஸ் கலைஞர் அவர். ஏப்ரலில் ஒருவருக்கும் ஆகஸ்டில் ஒருவருக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

அந்த ஏப்ரல் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 11-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. 1953 மே 15 அன்று டொராண்டோ மாஸி ஹாலில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவை முதலிலிருந்து கடைசி வரை கேட்பது என்று ஏற்பாடு. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் என்ற ஜாஸ் மேதைகள் ஐவரும் ஒரே மேடையில் வாசித்த கச்சேரி. ஆனால் அன்று மாலைதான் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஐ.பி.எல். ஆட்டம். ருதுராஜ் காயத்தால் விலகியதால் தோனி மறுபடியும் கேப்டன். அப்புறம் யார் மாடிக்கு வருவார்கள்? ஏழு மணிக்கு வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால் டொராண்டோவிலும் இதேதான் நடந்தது. கச்சேரி நடந்த அதே இரவில் சிகாகோவில் ராக்கி மார்சியானோவுக்கும் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கும் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி. அரங்கில் பெரும்பாலான நாற்காலிகள் காலி. கூட்டம்தான் வரவில்லை என்றால், வாசிக்க வந்தவர்களின் மனசும் சண்டையில்தான் இருந்தது. இடைவேளையில் தெருவைத் தாண்டி எதிரிலிருந்த மதுக்கடைக்குப் போய் சண்டை என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். ஆகிறதற்கு என்ன இருக்கிறது, முதல் ரவுண்டிலேயே வால்காட் விழுந்துவிட்டார்! பார்க்கர் அன்று வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் இசைத்தட்டில் அவர் பெயரைப் போட முடியாமல் 'சார்லி சான்' என்று அச்சடித்தார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசித்த அந்தக் கச்சேரியை எழுபது வருஷம் கழித்தும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நம் மாடிக்கு வருவோம். சென்னை 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. இன்னிங்ஸ் முடிந்த கையோடு படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தார்கள். கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்தபோது பாய் போதவில்லை, கீழே போய்ப் பழைய போர்வை வாங்கி வந்து விரித்தோம். 'சால்ட் பீனட்ஸ்' பாட்டில் கில்லெஸ்பி நடுநடுவே பாட்டின் பெயரைச் சொல்லிக் கூவுவார், கேட்டிருப்பீர்கள். இரண்டாவது தடவை அவர் கூவியபோது பின்வரிசையிலிருந்து "உப்புக் கடலை, உப்புக் கடலை" என்று ஒரு குரல் எழும்பியது. மூன்றாவது தடவை மாடியே கூவியது. தோற்ற வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் எட்டிப் பார்த்து, இந்த நேரத்தில் யாருக்குப்பா கடலை என்று கேட்டார்.

கடலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் சிறுவனாக இருந்தபோது வாஷிங்டன் பேஸ்பால் மைதானத்தில் வேர்க்கடலை விற்றவர். கடலை விளையும் வட ஆற்காட்டில் இருந்துகொண்டு, கூட்டச் சிற்றுண்டியாகப் பிஸ்கெட் பாக்கெட் வாங்குவதை நிறுத்தி வறுத்த கடலைக்கு மாறியதற்கு இதைத்தான் காரணமாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். செலவும் குறைந்தது. ராணிப்பேட்டை உறுப்பினர் வரும் மாதங்களில் ஆற்காடு மக்கன் பேடாவும் உண்டு, அது அவர் கைக்காசு.

மே மாதக் கத்திரி வெயிலில் ஷீட் கூரை அறைக்குள் வைத்திருந்த இசைத்தட்டுகள் சில வளைந்துவிட்டன. தட்டு சுற்றச் சுற்ற ஊசி ஏறி ஏறி இறங்குகிறது, டிரம்பெட் அழுகிறது. இதைக் கேள்விப்பட்ட ராணிப்பேட்டை உறுப்பினர் தன் அப்பா சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை ஒரு கோணிப்பையில் கட்டி பஸ்ஸிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் கரீம் அப்துல்-ஜப்பார் கதையைத் தலைவர் சொன்னார். பேஸ்கட்பாலின் அந்த ஏழடிக்காரர் சிறுவயதிலிருந்தே ஜாஸ் பித்து. அவருடைய அப்பா நியூயார்க்கில் சுரங்க ரயில் போலீஸ், ஆனால் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்த டிராம்போன்காரர். 1983 ஜனவரியில் கரீமின் வீடு தீப்பிடித்து, ஆயிரக்கணக்கான ஜாஸ் இசைத்தட்டுகள் சாம்பலாயின. அதன் பிறகு அவர் ஆடப் போன ஊர்களிலெல்லாம் ரசிகர்கள் தங்களிடமிருந்த தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் எதிரணி ஊர்க்காரர்களும் உண்டு. கோணிப்பை கொடுத்தவர் இதைக் கேட்டுக் கூச்சத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். இப்போது தட்டுகள் கீழ் வீட்டில், பீரோவில், நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஜூனில் அமெரிக்க பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ.-வின் இறுதிப் போட்டி. ஏழாவது ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில் வந்தது. ஓக்லஹோமா சிட்டி வென்றது. பார்த்தவர்கள் எல்லாரும் அன்று அலுவலகத்தில் தூங்கினார்கள் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். அதே நாள் ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் நூற்றாண்டு, 1925-இல் மாண்ட்ரியாலில் பிறந்தவர். கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, விடுதலைக்கென்று அவர் அமைத்த பியானோ இசையை ஒலிக்கவிட்டோம். பீட்டர்சனின் அப்பா கனடிய ரயில்வேயில் போர்ட்டர் என்றதும், காட்பாடி ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர், "அப்படிச் சொல்லு, நம்மாளு" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 1993-இல் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்த பிறகும் பீட்டர்சன் மேடைக்குத் திரும்பினார்.

அடுத்த மாதம் தாளக் கூட்டம். உறுப்பினர் ஒருவரின் மருமகள் மிருதங்கம் வாசிப்பார், அவரை அழைத்திருந்தோம். பால் டெஸ்மண்ட் அமைத்து 1959-இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு வாசித்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை கொண்டது. நம்மூரின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாகப் போகும். இவர்கள் 'தகிட தக' என்று மூன்றையும் இரண்டையும் திருப்பிப் போடுகிறார்கள். அந்தப் பெண் தொடையில் தட்டிக் காட்டியதும் கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 1958-இல், அந்தக் குழு மதராஸுக்கு வந்திருந்தது. டிரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். பிள்ளை இடது கைக்காரர் என்று சொன்னதும், அதுவரை செல்போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் கோஷ்டி நிமிர்ந்தது. இடது கை என்றால் நம்மவர்களுக்குத் தனி மரியாதை!

அக்டோபர் கூட்டத்துக்கு, பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கல்யாண ஊர்வலம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் ஊதியவர். ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கண்ணை மூடிக் கேட்டார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் உதடு வாசித்து வாசித்தே வடுவாகிப்போனது, 1930-களில் உதடு கெட்டு மாதக்கணக்கில் ஊதாமல் கிடந்தார் என்று சொன்னேன். "இன்னா சார், அவருக்குமா?" என்று கேட்டு, தன் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் பட்டாணி அளவுக்குத் தடித்திருந்தது. "பந்தாடுறவனுக்கு முட்டி எப்படியோ, எங்களுக்கு இது. போச்சுன்னா போச்சு." அதே ஆர்ம்ஸ்ட்ராங் 1931-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பேஸ்பால் அணிக்குச் சொந்தக் காசில் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார் என்றதும் பெரியவருக்கு ஏக சிரிப்பு. அவரும் தெருப் பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்துத்தான் பிழைப்பைத் தொலைத்தாராம்.

இனி இந்த ஆண்டின் பெரிய விவகாரம். சங்கத்தை இசைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று சிலர் மனுக் கொடுத்தார்கள். மாவட்டத்தையே 1989-இல் ஒருமுறை, 2019-இல் ஒருமுறை பிரிக்கவில்லையா என்பது அவர்கள் வாதம். மாவட்டம் பிரிந்தால் கலெக்டர் ஆபீஸாவது பக்கத்தில் வரும், சங்கம் பிரிந்தால் என்ன வரும் என்று செயற்குழுவில் நான் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். கான்சாஸ் சிட்டியில் ஜாஸ் அருங்காட்சியகமும், கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக் பேஸ்பாலின் அருங்காட்சியகமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பார்க்கரின் பிளாஸ்டிக் சாக்ஸபோன் அங்கேதான் இருக்கிறது. வெள்ளையர் கதவைச் சாத்திய காலத்தில் இசைக்காரர்களும் ஆட்டக்காரர்களும் ஒரே தெருவில் சாப்பிட்டு ஒரே விடுதியில் தங்கினார்கள். ஹார்லெமில் 'ரென்ஸ்' என்ற கறுப்பின பேஸ்கட்பால் அணிக்கு நடன மண்டபம்தான் சொந்த மைதானம். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் பேண்டு வாசிக்க ஜனங்கள் ஆடினார்கள். அந்த அணிதான் 1939-இல் உலகத் தொழில்முறைப் போட்டியை வென்றது. பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1963-இல் தன் வீட்டுப் புல்வெளியில் ஜாஸ் கச்சேரி நடத்தி, உரிமைப் போராட்டத்தில் சிறை போனவர்களுக்கு ஜாமீன் பணம் திரட்டினார். இதில் எந்தப் பாதியை எந்தச் சங்கத்துக்குக் கொடுப்பது?

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் மூத்த உறுப்பினர்களைக் கேளுங்கள். பகலில் கிரிக்கெட் வர்ணனை, ராத்திரி சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி, இரண்டும் ஒரே மர்ஃபி ரேடியோவில்தான் வந்தன. அப்பா தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து, பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்ட தலைமுறை இது. மனு வாக்கெடுப்புக்குப் போகாமலே திரும்பப் பெறப்பட்டது. மனுக் கொடுத்தவர்களில் ஒருவரே இப்போது ஊசி வாங்க ரிச்சி தெருவுக்குப் போய் வருகிறார்.

விதிமுறையில் உள்ள 'தொழில்முறை' விளையாட்டு மட்டும் என்ற கட்டுப்பாட்டையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறோம். கிளாஸ்கோவில் 2014-இலும் கோல்ட் கோஸ்டில் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் இதே சத்துவாச்சாரிக்காரர். பளுதூக்குதல் நம் பட்டியலில் வராது என்று சொல்லிவிட்டு இந்தத் தெருவில் நடமாட முடியாது.

ஆதரித்த அணிகளின் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பத்தாவது இடம். பெயருக்காகவே யூட்டா ஜாஸ் என்ற என்.பி.ஏ. அணியை ஆதரிக்கும் இளைய உறுப்பினருக்கு இன்னும் மோசம், 17 வெற்றி, 65 தோல்வி, லீகிலேயே கடைசி. 1974-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அணி அது, 1979-இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போனபோதும் பெயரை மாற்றவில்லை. பெயரை மாற்றினால் ராசி மாறுமா என்று அவர் கேட்டதற்குச் செயற்குழு பதில் சொல்லவில்லை.

2026-க்கு வேலை நிறைய இருக்கிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு மே 26-இலும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்கு செப்டம்பர் 23-இலும் நூற்றாண்டு. குத்துச்சண்டைக்காரர் ஜாக் ஜான்சனுக்காக மைல்ஸ் ஒரு முழு இசைத்தட்டே போட்டவர். மே கூட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு ஜான்சனின் பழைய சண்டைக் காட்சிகளையும் திரையிடலாம் என்று யோசனை. நடுவில் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகக் கோப்பை கால்பந்து. அந்த மாதங்களின் கூட்டத் தேதியை அட்டவணை பார்த்த பிறகே குறிப்போம். ஷீட் கூரைக்குக் கீழே தென்னங்கீற்று வேய ஆகும் செலவுக்குப் பொருளாளர் மதிப்பீடு வைத்திருக்கிறார், உங்கள் ஒப்புதல் வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் கீழே போகுமுன் அவரைப் பார்த்துவிடவும். கடலை வந்துவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்